பார்வையிட வருகிறேன்

என் சொந்தக் கட்டடத்துக்குள் இனி நான் காலெடுத்து வைக்கக் கூடாது என்று மகன் போனில் சொன்னபோது, விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவனுக்கு விளையாட வராது என்பது அடுத்த நிமிடமே ஞாபகம் வந்தது. வேறு ஊரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைப் பார்ப்பது அவன் வேலை. உலகத்தில் யார் எங்கே வழுக்கி விழுந்தாலும் அவன் மேஜைக்கு ஒரு ஃபைல் வரும். அப்படிப்பட்டவன் எப்படி விளையாடுவான்?

"அப்பா, கவனமாக் கேளுங்க. புதுச் சட்டம் வந்திருக்கு. கடை, ஆபீஸ், கிளினிக்னு வாடகைக்கு விட்டவங்க யாரும் இனிமே நெனச்ச நேரத்துக்கு உள்ள போகக் கூடாது. சாவியும் கையில வெச்சிருக்கக் கூடாது."

"குழாய் ஒழுகினா?"

"அவங்க ஆள் வெச்சுப் பாத்துக்குவாங்க. நீங்க கை வைக்காதீங்க. இப்போ ஒரு தீர்ப்பு வந்திருக்கு. ஒரு சலூன்ல கட்டட ஓனர் தானே போய் வாஷ்பேசினைச் சரி பண்ணியிருக்கார். அப்புறம் ஒரு அம்மா அங்க தண்ணியில வழுக்கி இடுப்பு உடைஞ்சு போச்சு. சாவியும் ஓனர்கிட்ட இருந்துது, கை வெச்சதும் அவர்தான், அதனால அவரும் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. இப்போ வீட்ட வித்துட்டு நிக்கிறார்."

"வாஷர் போடாம மாட்டியிருப்பான்," என்றேன்.

"அப்பா!"

"சரி, சரி. சொல்லு."

"டாக்டர்கிட்ட சாவியக் குடுத்துடுங்க. இன்னைக்கே."

நான் இருப்பது மாடியில். கீழே முன்பு என் ஹார்டுவேர் கடை இருந்தது. மனைவி இறந்த பிறகு கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. ஆணி கேட்டு வருகிறவன்கூட என் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை அனுதாபம் சொல்லிவிட்டுத்தான் ஆணியை வாங்கினான். இது என்ன வியாபாரம் என்று இழுத்து மூடிவிட்டேன். அந்த இடத்தை ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு விட்டேன். ஐம்பதைத் தாண்டிய அம்மாள், குள்ளம், கறார். நோயாளிகள் அவரை டாக்டரம்மா என்பார்கள். எனக்கு வெறும் டாக்டர். அவருக்கு நான் ஓனர் சார்.

பல் டாக்டரின் நாற்காலிக்குக் காற்று வேண்டும். பல்லைக் குடைகிற அந்தச் சின்ன யந்திரம் காற்றில்தான் சுழல்கிறது. அதற்காகப் பின்னறையில் ஒரு கம்ப்ரஸர் உண்டு. நாள் முழுக்க ஓடினால் அதன் டாங்க்கின் அடியில் தண்ணீர் சேரும். சாயங்காலம் அடியில் உள்ள வால்வைத் திறந்து அதை வெளியேற்றாவிட்டால் டாங்க் துருப்பிடிக்கும். வந்த புதிதில் டாக்டருக்கு இது மறந்து மறந்து போனது. நான் பின்படி வழியாக இறங்கி, என் சாவியால் கதவைத் திறந்து, வால்வைத் திருகிவிட்டு வருவேன். அப்படியே குழாய்களை ஒரு பார்வை, ஸ்விட்சுகளை ஒரு பார்வை. அதற்குள் கடைசி நோயாளி போயிருப்பார். ரிசப்ஷன் பெண்ணும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். டாக்டர் ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருக்கும் டீயை இரண்டு கப்பில் ஊற்றுவார். நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்போம்.

என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. வாயைத் திறக்கச் சொன்னால் கண்ணைத் திறக்கிறவர்கள், விரலைக் கடித்த ஒரு பெரிய மனிதர், பல் பிடுங்கிய கையோடு பேரம் பேசியவர் என்று அவர் சொல்வார். பெயர் மட்டும் சொல்ல மாட்டார். நான் பேசுவது அதிகம் என்று என் மனைவி சொல்வாள். பகல் பூராவும் வாயைத் திறக்காதவன் சாயங்காலம் அதிகம் பேசினால் என்ன தப்பு? நான் பேசப் பேச டாக்டர் ஃபைல்களை அலமாரியில் அடுக்குவார், நடுநடுவே சிரிப்பார். அந்த ஒரு சிரிப்புக்காகக் காலையிலிருந்து ஒரு கதையைத் தயார் செய்து வைத்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைய நாளில் நான் ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசுவது அந்த நேரம் மட்டும்தான்.

அந்தச் சாவியை அன்று சாயங்காலமே டாக்டரின் மேஜையில் வைத்தேன். சட்டம் என்றால் எனக்குச் சட்டம்தான். கடை நடத்திய காலத்தில் பில் போடாமல் ஒரு திருகாணி விற்றதில்லை. அதற்காக எத்தனையோ பேர் என்னைக் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

"அடடா, எங்களுக்கும் இதே கூத்துதான் சார்," என்றார் டாக்டர். சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அறிக்கையைக் காட்டினார். "எங்க பல் மருத்துவ கவுன்சில் போட்ட ரூல் இது. லைசென்ஸ்ல எழுதியிருக்கிற நேரத்துல நோயாளியும் பதிவு பண்ணின ஸ்டாஃபும் தவிர வேற யாரும் உள்ள இருக்கக் கூடாது. மெஷினத் தொடவே கூடாது. மீறினா லைசென்ஸ நிறுத்தி வைப்பாங்க."

"அப்போ கம்ப்ரஸர்?"

"நானே திருகிக்கிறேன். இத்தனை வருஷமா நீங்க பண்றதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களை எப்படிச் சொல்வது? என் வீட்டு ஹாலுக்கு நேர் கீழேதான் கிளினிக். கம்ப்ரஸர் ஓடுவது தரையில் கேட்கும். அது நின்றுவிட்டால் கடைசி நோயாளி போய்விட்டார் என்று அர்த்தம். உடனே எழுந்து நிற்பேன். எங்கே போவதற்கு? திரும்பி உட்காருவேன். டிவியைப் போடுவேன். அதில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஒருவர்கூட என்னிடம் எதுவும் கேட்க மாட்டார். ஒருநாள் காய்கறிக் கடைக்காரனிடம் வெங்காயத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அவன் நல்லவன், கேட்டுக்கொண்டே மற்றவர்களுக்கு எடை போட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெங்காயத்தை வாங்கவே மறந்திருக்கிறேன்.

எனக்கு உள்ளுக்குள் கோபம் கொதித்தது. எவனோ ஒருவன் வாஷரை ஒழுங்காகப் போடாததற்கு நான் ஏன் டீ குடிக்காமல் இருக்க வேண்டும்?

மகன் அந்தச் சட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தான். ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தேன். வேறு வேலை? படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, மகன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான் என்று. உரிமையாளர் உள்ளே போகவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு நாள் முன்னதாகக் காரணத்தையும் நேரத்தையும் எழுத்தில் கொடுத்துவிட்டுப் பார்வையிடலாம். மூன்று பிரதி. ஒன்று குடியிருப்பவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று வணிகக் கட்டட அலுவலகத்துக்கு. வாரத்துக்கு ஒரு தடவையா, தினமுமா என்று எங்கேயும் போடவில்லை. இரண்டு முறை தேடிவிட்டேன், இல்லை.

சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. கார்பன் பேப்பர் இன்னும் விற்கிறார்களா என்று தேடி அலைந்து வாங்கி வந்தேன்.

வாசலில் நின்றே நான் நீட்டிய முதல் நோட்டீஸை டாக்டர் இரண்டு தடவை படித்தார். 'பின்னறையில் உள்ள கம்ப்ரஸரின் அடியில் தரையில் ஈரம் கசிகிறதா எனப் பார்வையிட நாளை மாலை ஆறு மணிக்கு வருகிறேன்.' படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு நான் என்ன பண்ணணும் ஓனர் சார்?"

"கிடைச்சதுன்னு ஒரு கையெழுத்து."

போட்டார். மறுநாள் சரியாக ஆறு மணிக்குப் போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், எதையும் தொடவில்லை. டாக்டர் குனிந்து வால்வைத் திருகினார். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வந்தது. "தரை காய்ஞ்சிருக்கு," என்று அறிவித்தேன். பிறகு டீ.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. காரணம் கண்டுபிடிப்பதுதான் வேலை. காலையில் எழுந்ததும் அதுதான் யோசனை. ஜன்னல் கொக்கி இறுக்கமா, எறும்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழைக்காலம் வந்தால் தாழ்வாரம் தாங்குமா, கூரையில் தெரியும் கோடு விரிசலா ஒட்டடையா? ஒட்டடைக்கும் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். டாக்டர் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு, "இன்னைக்கு எறும்பா? சரி, வரட்டும்," என்பார். கையெழுத்துப் போட்டு ஒரு கிளிப்பில் சொருகி வைப்பார். சில நாள் பையைத் தோளில் மாட்டியபடியேதான் டீயைக் குடிப்பார். சில நாள் கடிகாரத்தைப் பார்ப்பார். மனிதர்கள் கடிகாரத்தைப் பார்க்கத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது பிரதியை நானே நடந்துபோய் அலுவலகத்து வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். ஊரில் வேறு எந்தக் கட்டடக்காரனும் இதைச் செய்யவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெட்டியில் விழுந்த காகிதங்கள் அத்தனையும் என்னுடையவை. ஒரு நாள் அதைத் திறந்த குமாஸ்தாவுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரே கட்டடம், ஒரே ஓனர், தனியாகத் தொழில் நடத்தும் ஒரு பெண், நாள் தவறாமல் நோட்டீஸ். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தேவையில்லாத பார்வையிடல்களால் குடியிருப்பவரைத் தொடர்ந்து தொந்தரவு செய்ததாக என்மேல் தாமாகவே விசாரணை தொடங்கியிருந்தார்கள். நோட்டீஸ்களில் மருத்துவ யந்திரம் பற்றி வருவதால் பல் மருத்துவ கவுன்சிலுக்கும் ஒரு நகல் போயிருந்தது. விசாரணை முடியும்வரை இரு தரப்பும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று கடைசி வரியில் இருந்தது. பேசக் கூடாது என்றால் பேசக் கூடாது. பின்படிப் பக்கமே போகவில்லை. டாக்டரும் மேலே வரவில்லை. அவருக்கும் அதே கடிதம் போயிருக்கும்.

மகன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "தினமுமாப்பா? தினமும்?" என்றான்.

"சட்டத்துல தடை இல்லையே."

"எறும்பப் பாக்க எந்த ஓனர்ப்பா நோட்டீஸ் குடுப்பான்?"

"நான்."

சாப்பாட்டு மேஜையில் எல்லாப் பேப்பரையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கும்போது அவன் முகம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நெற்றியில் அவன் அம்மாவின் கோடு விழுந்தது.

"இங்க பாருங்க. ரெண்டுல ஒண்ணுதான். நீங்க போனது அவங்களுக்கு இஷ்டம்னா, உங்க மேல கேஸ் நிக்காது. வாங்கன்னு அவங்களே கூப்பிட்டாங்க, டீ குடுத்தாங்கன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

அவன் ஒரு நோட்டீஸை எடுத்துப் பார்த்தான். "நோட்டீஸ்ல ஆறு மணின்னு எழுதியிருக்கீங்க. நோயாளிங்க முன்னாடியே போயிட்டாலும் அவங்க லைசென்ஸ்ல கிளினிக் எட்டு மணி வரைக்கும். வெளியாள உள்ள விட்டு உக்கார வெச்சாங்கன்னு ஆகும். கவுன்சில் சும்மா விடாது."

"நிறுத்தி வைப்பாங்களா?"

"வைக்கலாம். ஆறு மாசம், ஒரு வருஷம். அது அவங்க பிரச்சனைப்பா."

"அவங்க கூப்பிடாம நானாப் போனேன்னா?"

"அப்போ அவங்க தப்பு ஒண்ணுமில்ல. தொந்தரவு பண்ணின ஓனர் நீங்க. உள்ள போகத் தடை போடுவாங்க, பேசத் தடை போடுவாங்க, ஒரு ஏஜென்ட் மூலமாத்தான் எல்லாம். ஊர்ல நாலு பேருக்குத் தெரியும். அசிங்கம்ப்பா." பேப்பர்களை அடுக்கினான். "கூப்பிட்டாங்கன்னு சொல்லுங்க. அதுதானே உண்மை?"

"உண்மைதான்," என்றேன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு என்ன தொழில் இருக்கிறது கெட்டுப்போக? அந்த அம்மாள் ஒரு வருஷம் கடையை மூடினால் திரும்பத் திறக்க முடியாது, நோயாளிகள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். முடிவு எடுப்பது சுலபமாக இருந்தது. எடுத்த பிறகுதான் கஷ்டமாக இருந்தது. இனி அந்தப் படியில் இறங்கவே போவதில்லை என்று நினைத்ததும் அழுகை வந்தது, அழுதேன். பக்கத்து அறையில் மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

விசாரணை ஒரு சின்ன அறையில். நீள மேஜை, அதன் தலைமாட்டில் ஜலதோஷம் பிடித்த ஒரு அதிகாரி. அவர் பக்கத்தில் பல் மருத்துவ கவுன்சிலிலிருந்து வந்த ஒரு பெண், முன்னால் லேப்டாப். எனக்கு எதிர்ப்பக்கம் டாக்டர். வெள்ளைக் கோட் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு அம்மாள் போலிருந்தார். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் எனக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தான்.

அதிகாரி என் நோட்டீஸ்களைக் கட்டாக எடுத்து வைத்தார். மேலே இருந்ததை வாசித்தார். "ஒட்டடையா அல்லது விரிசலா எனப் பார்வையிட..." மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஐயா, இதெல்லாம் என்னது? டாக்டர் உங்கள வரச் சொன்னாங்களா?"

"இல்ல சார்," என்றேன்.

பின்னால் மகனின் நாற்காலி கிறீச்சிட்டது.

"நானாத்தான் போனேன். அவங்க கூப்பிடல. சாவியக் குடுத்தப்புறம் எனக்கு மனசு ஆறல. என் எடம், நான் போவேன், யார் கேக்கிறதுன்னு ஒரு திமிர்."

"கையெழுத்துப் போட்டிருக்காங்களே?"

"கிடைச்சதுன்னு போட்டது சார் அது. வாங்கன்னு போட்டதில்ல."

கவுன்சில் பெண் தட்டுவதை நிறுத்தினாள். "கம்ப்ரஸரத் தொட்டீங்களா?"

"தொட விடலையே அவங்க. ரூலக் காட்டி வெளிய போகச் சொன்னாங்க. நான் காதுல வாங்கல. வீம்புக்கு உக்காந்துக்கிட்டேன்."

பொய் சொல்வது இவ்வளவு எளிதா என்று எனக்கே ஆச்சரியம். அந்த அறையில் முதல் தடவையாக டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டுவிட்டார் என்று தெரிந்தது. கண்ணால் ஒரு சின்னக் கெஞ்சல் அனுப்பினேன், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான், கிளம்பிவிடலாம் என்று.

"டாக்டர், இவர் சொல்றது சரியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"சரிதான் சார்."

"அப்புறம் ஏன் நீங்க புகார் குடுக்கல? இத்தனை நாள்?"

இதற்கு நான் பதில் தயார் செய்து கொடுக்கவில்லை. பயந்தேன். டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"வராதீங்கன்னு சொல்ல மனசு வரல சார். வயசானவர். மேல தனியா இருக்கார், பேச ஆளில்ல. பத்து நிமிஷம்னுதான் வருவார், அப்புறம் பேசிக்கிட்டே இருப்பார். எனக்கும் நாள் பூரா நின்னு கால் கடுக்கும், வீட்டுக்குப் போகணும்னு இருக்கும். எந்திரிங்கன்னு ஒரு பெரியவர எப்படிச் சொல்றது? அதான் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அதிகாரி தலையை ஆட்டினார். அந்தக் கவுன்சில் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் போய்விட்டிருந்தது. கோபமே இருந்திருந்தால் தேவலை.

என்ன அழகாகப் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் போட்ட பொய்க்கு அவர் எவ்வளவு பொருத்தமாகக் கை கொடுக்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அந்தக் கால் கடுக்கும் என்ற பேச்சு மனதில் தைத்தது. அதை நான் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யில் திமிர் இருந்தது, வீம்பு இருந்தது. பேசிக்கிட்டே இருப்பார் என்பது இல்லை. சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன் என்பது இல்லை. இதெல்லாம் அவருடையது. ஒரு நிமிட யோசனையில் ஒருவருக்கு இவ்வளவும் தோன்றுமா, அல்லது முன்பே இருந்ததா?

அபராதம் போடவில்லை. என் வயதைப் பார்த்து எச்சரிக்கையோடு விட்டார்கள். நான் கிளினிக்குக்குள் போகக் கூடாது, டாக்டரோடு நேரிலோ போனிலோ தொடர்பு வைக்கக் கூடாது, வாடகை முதல் பழுது வரை ஒரு ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். டாக்டர் மேல் குற்றமில்லை, லைசென்ஸ் அப்படியே இருக்கும் என்று கவுன்சில் பெண் லேப்டாப்பை மூடினாள். கையெழுத்துப் போட்டேன். நான் நினைத்தது நடந்துவிட்டது.

வெளியே நடையில் போகும்போது பின்னாலிருந்து, "ஓனர் சார்," என்று குரல் கேட்டது.

நின்றேன். திரும்பவில்லை. பேசக் கூடாது என்ற காகிதம் என் கையில்தான் இருந்தது. அதனால்தான் திரும்பவில்லை என்று சொன்னால் நம்புவார்கள், என்னைத் தெரிந்தவர்கள் கட்டாயம் நம்புவார்கள். ஆனால் காரணம் அது இல்லை. திரும்பினால் அவர் என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது. நன்றி என்று சொன்னால் பரவாயில்லை. மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டால்? எதற்கு என்று நான் கேட்க வேண்டியிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

கார் சிக்னலில் நின்றதும் மகன் ஸ்டியரிங்கைத் தட்டினான்.

"அப்படி என்னப்பா அவசியம், பழியெல்லாம் தலையில போட்டுக்கிறதுக்கு?"

"பாவம்டா, தொழில் போயிடும்."

"சரி, விடுங்க. நல்லபடியா முடிஞ்சுது." பச்சை விளக்கு விழுந்தது. காரை நகர்த்தினான். "ஆனா டாக்டர் பேசினது பொய்யாவே தெரியலப்பா. எனக்கே நம்பற மாதிரி இருந்துது."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் சிரித்துக்கொண்டே. "எனக்கே சில நாள் அப்படித்தான். நீங்க போன்ல பேசிக்கிட்டே போவீங்க, இங்க ஃபைல் காத்துக்கிட்டு இருக்கும், மேனேஜர் மொறைச்சுக்கிட்டு இருப்பான். வெச்சிடறேன்ப்பான்னு சொல்ல மனசே வராது. என்ன பண்றது, அப்பாவாச்சே!"

பிரியமாகத்தான் சொன்னான். அவனுக்கு விளையாட வராது என்று சொன்னேன் அல்லவா, அன்று விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தான். அவன் கை என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தது. நானும் சிரித்தேன். அவன் என்ன எதிர்பார்த்தானோ அந்த அளவுக்குச் சிரித்தேன்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். லேட்டாகிவிடும் என்றான். மறுபடி சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. கார் திரும்பிப் போகும்வரை நின்றுவிட்டு மேலே ஏறினேன்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டான்.

"வந்து சேந்துட்டேன்ப்பா. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்புறம்?"

சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. அந்த அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒட்டடை என்று வாசித்ததை மறுபடி சொன்னால் அவன் சிரிப்பான் என்று தெரியும். நடையில் டாக்டர் கூப்பிட்டதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் என்ன சொல்ல வந்திருப்பார் என்று நினைக்கிறாய் என்று யாரையாவது கேட்காவிட்டால் இன்று தூக்கம் வராது என்று இருந்தது.

"அப்புறம் என்னப்பா?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்லடா. அடுப்புல பால் இருக்கு, வெச்சிடறேன்," என்று சொல்லி, அவனுக்கு முன்னால் நானே போனை வைத்தேன்.

அடுப்பில் எதுவும் இல்லை.